இருபத்தாறு பேரும் ஓர் ஆடும்

கணினியிலுள்ள கோப்பைக் கேட்டால், இது ஒரு தை மாதம் முதலாம் திகதி நடந்ததென்று சொல்லும். நம்பவேண்டாம். சின்ன மாமாவின் கணினியில் எதைச் செய்தாலும் அது தை முதலாம் திகதியில்தான் பதிவாகும். உள்ளே இருந்த சில்லறைக் காசளவு பற்றரி செத்துப்போயிருந்தது. அதனால் மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் அந்த இயந்திரம் நான் பிறப்பதற்கு முந்திய ஏதோ ஓர் ஆண்டின் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். ஊர்காவற்றுறையில் அந்த நாட்களில் மின்சாரம் நின்று வருவதற்குப் பஞ்சமில்லை. ஊரின் கலியாணங்கள், கோவிலில் பிள்ளைகளின் முதல் நன்மைகள், மரணங்கள் எல்லாம் ஒரே நாளில் நடந்தவைபோல அந்தக் கணினிக்குள் கிடக்கின்றன.

ஆகவே நான் திகதியை வேறு வழியில் கட்டியிருக்கிறேன். ஆறாம் ஆண்டுக் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றாம் தவணை. வாடைக்காற்று இன்னும் எழும்பவில்லை. எனக்குப் பதினொரு வயதும் நான்கு மாதமும். கிழமை வெள்ளி, சனி. இவ்வளவும் உறுதி.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. இறங்குதுறைக்குப் போகும் வீதியில் ஒரு படப்பிடிப்புக் கடை வைத்திருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார், கலியாணப் படங்களில் முகங்களை வெளுப்பாக்குவார். கடையின் முதன்மையான வேலை என்னவோ நினைவு அட்டைகள்தான். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருபவர்களுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். முன்பக்கம் முட்டை வடிவத்துக்குள் இறந்தவரின் படம், மேலே சிலுவை, கீழே பெயரும் இரண்டு திகதிகளும். பின்பக்கம் செபம். யார் இறந்தாலும் அதே செபம்.

அதே காலத்தில் எங்கள் வகுப்பில் இன்னோர் அட்டை புழங்கியது. கடைகளில் விற்ற மல்யுத்த வீரர் அட்டை. வீரனின் உயரம், எடை, வென்ற போட்டிகள் என்று எண்கள் இருக்கும். இருவர் ஆளுக்கொரு அட்டையை இறக்கி ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வோம். கூடிய எண் வைத்திருப்பவருக்கு இரண்டு அட்டையும் போகும். பெரியம்மாவின் மகன் என்னுடைய அட்டைகள் அனைத்தையும் இரண்டு நாளில் வென்றுவிட்டான். கடைசியாகத் தப்பிய ஒற்றை வீரனோடு மாமாவின் கடையில் குந்தியிருந்தபோதுதான் அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. வெட்டி அடுக்கியிருந்த நினைவு அட்டைகளின் மேல் என் வீரனை வைத்தேன். நான்கு மூலையும் சரியாகப் பொருந்தின. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

அளவு இருக்கிறது, அச்சு இருக்கிறது. எண்கள்தான் வேண்டும். எங்கள் துறையில் எண்ணக்கூடியவை வள்ளங்கள்.

மாமா மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்து வருவார். அந்த ஒன்றரை மணி நேரம், வருகிறவர்களை இருத்தி வைப்பதற்காக, பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னைக் கடையில் விடுவார். கணினியைத் தொடாதே என்று அவர் சொன்னதில்லை. பழுதாக்காதே என்றுதான் சொல்லியிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததிலேயே எனக்கு அந்தப் படம் திருத்தும் மென்பொருளின் போக்கு பிடிபட்டுவிட்டது. படமும் எழுத்தும் சிலுவையும் தனித்தனி அடுக்குகள். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுபோல இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். கண்ணை அமர்த்தினால் அந்த அடுக்கு மறையும். அழியாது. மறுபடி அமர்த்தினால் வரும். இதைவிட அதிசயமான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. தமிழ் எழுத்து மட்டும் அதற்கு ஒத்துவராது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால்தான் வழிக்கு வரும்.

நினைவு அட்டையின் கோப்பைத் திறந்து சிலுவையின் கண்ணை மூடினேன். முட்டை வடிவத்துக்குள் வள்ளத்தின் படத்தை வைத்தேன். பெயர் இருந்த இடத்தில் வள்ளத்தின் பெயர். திகதிகள் இருந்த இடத்தில் நீளமும் எஞ்சினின் குதிரை வலுவும். மாமாவின் பழைய கமராவோடும் கணிதக் கொப்பியோடும் துறைமுழுதும் அலைந்து விவரம் கேட்டேன். நீளத்தை எல்லோரும் கூட்டிச் சொன்னார்கள். வலுவையும் கூட்டிச் சொன்னார்கள். நேற்று எவ்வளவு மீன் பட்டது என்றால் மட்டும், "ஒண்டும் படேல்லைப் பிள்ளை" என்றார்கள், ஐஸ் பெட்டியின் மேலே இருந்துகொண்டே. பதினான்கு அட்டையிலும் மீன் என்ற வரிக்கு நேரே பூச்சியம். விளையாட்டில் அந்த வரியைச் சொன்னால் எல்லா அட்டையும் சமம். வேறு ஒரு வரி தேவைப்பட்டது.

அதைத் தந்தவர் சம்மாட்டியார். வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்பவரை நாங்கள் சம்மாட்டி என்போம். அவரிடம் அப்போது ஆட்களும் இல்லை, தொழிலும் இல்லை. நெஞ்சு வருத்தம், மருந்தில் இருந்தார். 'அந்தோனியார் துணை' என்று பெயர் எழுதிய பழைய மர வள்ளம் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்க, அதன் நிழலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருப்பார். நான் செய்து முடித்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்ரை வள்ளம் உதுகளிலை எதையெண்டாலும் வெல்லுமோ?"

பொய் சொல்ல வரவில்லை. பெரியம்மா வீட்டு பைபர் போட் நீளத்திலும் வலுவிலும் அதை விழுத்திவிடும் என்றேன்.

"அப்ப ஒரு தரத்திலை எத்தினை பேரை ஏத்தினதெண்டு ஒரு வரி போடு. அதிலை ஒருத்தரும் கிட்ட வரேலாது."

"எத்தினை பேர்?"

"இருபத்தேழு."

மற்ற வள்ளங்களில் ஏறுவது மூன்று பேர், நாலு பேர். திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றினாலும் பத்தைத் தாண்டாது. நான் வாயைப் பிளந்தேன். அவர் மகிழ்ந்துபோனார். அட்டையை அடித்ததும் முதல் பிரதியைத் தன்னிடம் தரவேண்டும் என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியம் ஒருபக்கம், சரிபார்ப்பது இன்னொரு பக்கம். எல்லோரும் கூட்டிச் சொல்லும் துறையில் இருபத்திரண்டு அடி வள்ளத்துக்கு இருபத்தேழு பேர் என்றால் யார் நம்புவது? அம்மாவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்த ஆவணி மாதத்தில், தனக்குப் பதினாலு வயதில், தானும் அந்த வள்ளத்தில்தான் அக்கரைக்குப் போனதாகச் சொன்னார். சின்ன மாமாவும் கூட. (மாமாவுக்கு நினைவில் இருப்பது சத்தி, அதாவது வாந்தி, எடுத்தது மட்டும்.) நான் கொப்பியோடு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா வீடு வீடாகச் சொன்னார். எங்கள் வீட்டில் ஆறு. பெரியம்மா வீட்டில் ஐந்து. சம்மாட்டியாரும் மனைவியும். வாசிகசாலைக்குப் பின் வீட்டார், சங்கீத ரீச்சரும் தாயும், இப்படி. எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி இலக்கமிட்டேன். இருபத்தாறு. திரும்ப எண்ணச் சொன்னேன். அப்போதும் இருபத்தாறு.

இதை அவரிடம் போய்க் கேட்க நினைத்திருந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் சம்மாட்டியார் இறந்துபோனார்.

சத்தியம் என்னிடம் மிஞ்சியது. முப்பத்தோராம் நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனபோது திரையில் அவருடைய நினைவு அட்டை திறந்தபடி இருந்தது. வெள்ளைச் சட்டையோடு, சிரிக்காமல், எங்கோ பார்த்துக்கொண்டு. எனக்கு ஒரு யோசனை வந்தது. மற்ற அட்டைகளுக்கு ஒரு பக்கம்தான். இதற்கு மட்டும் ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் வள்ளம். இதைப்போல ஓர் அட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. பின்பக்கச் செபத்தின் கண்ணை மூடினேன். வள்ளத்தை வைத்தேன். நீளம், வலு, தொழிலாளர். ஒரே தரத்தில் ஏற்றிய ஆட்கள்: 27 என்று முதலில் அடித்தேன். பிறகு கொப்பியை நினைத்து, அந்த அடுக்கின் கண்ணையும் மூடிவிட்டுப் புதிய அடுக்கில் 26 என்று அடித்தேன். இறந்தவர் சொன்னது என்பதற்காகப் பிழையானதைப் போடலாமா?

வெளியே மாமாவின் மோட்டார் சைக்கிள் கேட்டது. அவர் செய்வதைப் பார்த்திருந்தபடி இரண்டு விரலால் இரண்டு விசையை அழுத்திச் சேமித்தேன். கொப்பியில் புதிய தாள் எழுதுவதுபோல, சேமித்தது வேறாகவும் பழையது பழையபடியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழையதன் மேலேயே எழுதிவிட்டேன் என்பது தெரியாது.

அன்று பின்னேரம் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்தபின் மாமா அவசர அவசரமாக இருநூறு அட்டை அடித்தார். முன்பக்கத்தில் பெயரையும் திகதிகளையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை. பத்து வருடமாக அங்கே அதே செபம்தானே. லமினேற் செய்து, வெட்டி, முன்பக்கம் தெரிய அடுக்கி, இறப்பர் பட்டி போட்டார்.

சனிக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் தட்டத்தில் அட்டைகள் கொடுக்கப்பட்டன. வாங்கியவர்கள் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். ஒருவர் மட்டும் திருப்பினார். பெரியம்மாவின் கணவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"நீளம் இருபத்திரண்டு அடி. வலு எட்டு கோஸ் பவர்." நிமிர்ந்தார். "ஆரப்பா சம்மாட்டியாரை அளந்தது?"

"அடி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றது பின்னால் ஒரு குரல். "கோஸ் பவர் காணாது. இளமையிலை பாத்திருக்கோணும்."

சிரிப்பு எழுந்து, கோவில் வாசல் என்று நினைவு வந்து, பாதியில் இருமலாக மாறியது. எல்லோரும் அட்டையைத் திருப்பினார்கள். என்ன நடந்திருக்கிறது என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கடைக்கு இனி ஒருவரும் நினைவு அட்டை அடிக்க வரமாட்டார்கள். எனக்கும் கணினி இல்லை.

சம்மாட்டியாரின் ஒரே மகன் கட்டாரிலிருந்து வந்திருந்தார். தகப்பனின் அடக்கத்துக்கு வந்து சேர முடியாதவர். இருபத்தொரு வயது. அட்டையை நீட்டிக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

"என்னண்ணை இது? செத்த மனிசனை வைச்சுப் பகிடி பண்ணுறியளோ?"

மாமா அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்து என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். "பிழை நடந்துபோச்சுத் தம்பி. பின்னேரத்துக்கிடையிலை வேறை அடிச்சுத் தாறன்," என்று மட்டும் சொன்னார்.

கறுப்புச் சேலையோடு வாசலில் மர வாங்கில் உட்கார்ந்திருந்த சம்மாட்டியாரின் மனைவி கையை நீட்டினார். நாங்கள் அவரை மாமி என்று கூப்பிடுவோம். "என்னவாம் போட்டிருக்கு? வாசி."

"வேண்டாம் அம்மா," என்றார் மகன்.

மாமி என்னைக் கண்டார். "நீ வாசி பிள்ளை."

நான் வாசித்தேன். நீளம் வாசித்தேன். வலு வாசித்தேன். தொழிலாளர் நால்வர். ஒரே தரத்தில் ஏற்றிய ஆட்கள் இருபத்தாறு.

"இருபத்தேழு," என்றார் மாமி.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். "இல்லை மாமி, இருபத்தாறுதான். அம்மாட்டைக் கேட்டு எழுதினனான். எல்லாற்றை பேரும் கொப்பியிலை இருக்கு."

அம்மா என் தோளைக் கிள்ளினார். மாமி கோபப்படவில்லை. அட்டையை வாங்கித் திருப்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"பேரில்லாத ஒண்டும் வந்தது பிள்ளை. அவருக்கும் எனக்கும்தான் தெரியும்." பிறகு மகனுடைய கையைப் பிடித்துத் தட்டத்தின் பக்கம் தள்ளினார். "வேறை அடிக்கத் தேவையில்லை. இதையே குடு. அவற்றை வள்ளம்தானே."

மகன் தட்டத்தை எடுத்தார். இருநூறு அட்டையும் போய்விட்டன. வாங்காமல் போனவர்கள்கூடத் திரும்பி வந்து வாங்கினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாமா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இனிமேல் வேறை பேர் குடுத்துச் சேமி." அதற்குப் பிறகு அவர் பின்பக்கத்தையும் பார்க்கத் தொடங்கினார்.

எனக்கோ வேறு கவலை. என் கணக்கில் ஒன்று உதைத்தது. பேரில்லாத ஒன்று என்றால் என்ன? கொப்பியில் முறையாக ஆராய்ந்திருக்கிறேன். நாயாக இருக்காது. எங்கள் ஊரில் நாய்களுக்குப் பெயர் உண்டு. கோழியாக இருக்காது. கோழி என்றால் ஒன்று மட்டும் வராது. மாடு வள்ளத்தில் ஏறாது. மிஞ்சியது ஆடு. ஆனாலும் ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாதென்று குசினிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"அண்டைக்கு வள்ளத்திலை ஆடு ஏத்தினவையோ?"

அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். "ஏத்தியிருப்பினம். அங்காலை போ, எண்ணெய் தெறிக்கப்போகுது."

ஆதாரம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம், வேறு பெயர் கொடுத்துச் சேமித்த கோப்பில், ஆட்கள்: 26 என்பதற்குக் கீழே ஆடு: 1 என்று ஒரு வரி சேர்த்தேன். தேடி ஓர் ஆட்டின் படமும் வைத்தேன். ஒரு பிரதி அடித்து லமினேற் செய்து, சத்தியத்தைக் காப்பாற்றும் முகமாக மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தார். முதலில் விளங்கவில்லை போலிருந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். துக்கம் இருக்கும் வீட்டில் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் நீர் வரச் சிரித்தார்.

"ஆடுதான் பிள்ளை," என்றார் மூச்சு வந்ததும். "நல்லாக் குழப்படி விட்ட ஆடு. அவையள் எல்லாரும் கடலைப் பாத்துச் சத்தி எடுத்தவை. நான் உந்த ஆட்டாலை எடுத்தனான்."

நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன்: ஆடு குழப்படி. உறுதிப்படுத்தப்பட்டது. மாமி அட்டையைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

இதை நான் எழுதக் காரணம் போன மாதம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. நான் இப்போது ஊரின் பழைய விவரங்களைச் சேர்த்து எழுதி வைக்கிறேன். யார் எந்த ஆண்டு எந்த வீட்டில் இருந்தார்கள், எந்த மாதம் போனார்கள், எந்த மாதம் திரும்பினார்கள் என்று. அழைத்தவர் சம்மாட்டியாரின் மகன், இப்போது கனடாவில். மாமியும் அவரோடுதான். மகனுடைய மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அட்டை மாற்றும் விளையாட்டில் பைத்தியமாம். மாமியின் செபப் புத்தகத்துக்குள்ளிருந்து அந்த அட்டையைக் கண்டெடுத்து, பள்ளிக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாளாம். மாமி கொடுக்க மாட்டேன் என்கிறாராம்.

"தங்கச்சி, அந்தக் கோப்பு இருக்கோ? பிள்ளைக்கு ஒண்டு அடிச்சு அனுப்புவீரோ?"

"இருக்கு அண்ணை. அந்த ஆட்டை எடுத்துவிடட்டோ? சின்னப்பிள்ளை வேலை."

மறுமுனையில் சிரிப்பு.

"எடுக்காதையும். அந்த ஆடு நான்தான்."

தொலைபேசியை வைத்தபின் என் குறிப்புகளை எடுத்தேன். இடப்பெயர்வு, ஆவணி. அவருடைய ஞானஸ்நானப் பதிவை நானேதான் போன வருடம் பிரதி எடுத்திருந்தேன். பிறந்த மாதம், அடுத்த மாசி. இரண்டு திகதிகளும் என் கையெழுத்தில் நாலு பக்க இடைவெளியில் இருந்தன. விரலை மடித்து ஆறு மாதம் எண்ணினேன். மூன்று மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அக்கம்பக்கத்துக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வள்ளத்தைத் தள்ளிய சம்மாட்டியார் மட்டும், ஏறிய ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டு வந்து, கடைசியாக மனைவியிடம் வந்தபோது இரண்டு என்று எண்ணியிருக்கிறார். அதைத்தான் நான் சரிபார்த்துத் திருத்தினேன்.

கோப்பைத் திறந்தேன். திகதி தை முதலாம் என்றே காட்டியது. அடுக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன: சிலுவை, செபம், வள்ளம், ஆடு, 26. எல்லாவற்றுக்கும் அடியில், கண் மூடியபடி, நான் முதலில் அடித்த 27 அங்கேயே இருந்தது. இருபத்தாறின் கண்ணை மூடி, அதைத் திறந்தேன்.

ஆட்டை எடுக்கவில்லை. இப்போது அட்டையில் ஆட்கள்: 27, ஆடு: 1. கூட்டினால் இருபத்தெட்டு வருகிறது, பிழை. அப்படியே சேமித்து அனுப்பிவைத்தேன்.